குழந்தைவேலுகள் காணாமல் போன மாதம்

1

இந்த ஆவணியோடு, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி எங்களுக்குப் பன்னிரண்டு வருடம் முடிகிறது. "போனவர்கள் எப்படித்தான் இருக்கிறீர்கள், நாலு வரி எழுதக் கூடாதா?" என்று நம் இலங்கை மலையகத்துப் பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தீர்கள். இருக்கிறோம். கொடைக்கானலில், நாயுடுபுரத்தில், தகரம் போட்ட ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். குளிர் நம் நுவரெலியாக் குளிர்தான். மஞ்சு இறங்கினால் எதிர்வீடு தெரியாது. அட்டைப்பூச்சிகூட இருக்கிறது. தேயிலைக்குப் பதில் பூண்டும் கேரட்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன்.

அங்கே இருந்த வரைக்கும் நம்மை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே இறங்கிய நாளிலிருந்து சிலோன்காரர் என்கிறார்கள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிவிட இரண்டு கரையிலும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. அதற்கு மட்டும் எந்த ஆபீஸிலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நின்றோம். வீடு கட்ட உதவி கேட்டு மனுப் போட்டபோது மதுரைக்குப் போ என்றார்கள். மதுரையில், மண்டபம் முகாமிலிருந்து பேப்பர் வரவில்லை என்றார்கள். மண்டபத்தில், பிறந்த இடத்துச் சான்று வாங்கி வா என்றார்கள்.

"பொறந்தது கடலுக்கு அந்தப் பக்கம்னு நீங்க குடுத்த குடும்ப அட்டையிலதானே சார் போட்டிருக்கு?" என்றேன்.

"அதுக்குத்தாம்மா சான்று கேக்குறோம்" என்றார் அந்த மனிதர், எனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டவர் மாதிரி.

என் மகன் ரமேஷுக்கு இதெல்லாம் பழைய கதை. கப்பலில் வரும்போது அவன் கைக்குழந்தை. இப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். போன வாரம் பேக்கரியில் நான் வாய் தவறி, "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் விழித்தார். ரமேஷ் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ப்ரெட்னு சொல்லும்மா, மானத்த வாங்காத" என்றான். வெளியே வந்ததும், "என் ஃப்ரெண்ட்ஸ் இருந்தா கதைக்கணும் கிதைக்கணும்னு பேசிராத" என்று ஒரு கோரிக்கை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரொட்டியாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவனைப் பற்றி அல்ல. போன குளிர்காலத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி. நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. அதை விட்டுவிட்டு ஏரியில் படகு போவதையும் டூரிஸ்ட்டு வருவதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2

ஹட்டனில் படித்த டைப்ரைட்டிங்தான் இங்கே எனக்குச் சோறு போடுகிறது. மேல்மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு, சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்ய வந்த ஒரு வெள்ளைக்காரர் அங்கே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். டிவிப் பெட்டிக்கு முன்னால் டைப்ரைட்டரை வைத்தது போல இருக்கும். அதில் ஒரு புரோகிராம் எழுதி, அதற்குத் 'தொட்டில்' என்று தமிழிலேயே பெயரும் வைத்தார். பிள்ளைகளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் அதற்குள் இருக்கும். எந்த மாதம் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்று அது கணக்குப் பார்த்து, பிள்ளைக்கு ஒரு சீட்டாக அடித்துத் தரும். அந்தச் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு, அதே அளவுக்கு மருந்தை ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டு, நர்ஸ் மேலே போவார்.

அந்த மனிதர் ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரு வாக்குறுதி வாங்கினார். தொட்டிலை யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். சும்மா ஓடுகிற மாதிரி மட்டும் அல்ல, அவர் எழுதிய வரிகள் மொத்தமும் திறந்தபடி போக வேண்டும். வாங்கியவர் இஷ்டம் போல் திருத்தலாம். திருத்தினால் தன் பெயரையும், என்ன திருத்தினோம் என்பதையும் உச்சியில் எழுதிவிட்டு, மற்ற எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். அந்த உச்சி வரிகளை மெஷின் படிக்காது. மனிதர் படிப்பதற்காகவே அவை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனாமாகவா? ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியதை வழியில் போகிறவனுக்குத் தூக்கிக் கொடுப்பதா? தேயிலைத் தோட்டத்தில் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்திகூட துரையுடையது, சாயங்காலம் எண்ணி வைத்துவிட்டுத்தான் லயத்து வரிசை வீட்டுக்குப் போக முடியும் என்று வளர்ந்தவள் நான். டாக்டரம்மாவிடம் போய், "இவருக்குப் புத்தி சரியில்லையாம்மா?" என்றே கேட்டுவிட்டேன்.

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். "மருந்து செய்யற விதத்த மறைச்சு வெச்சா சீக்காளிக்கு என்ன லாபம், பாக்கியம்? கேக்கறவங்களுக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார்.

கொடுத்தேன். பெரியகுளம், திண்டுக்கல், பழனி என்று கீழே மூன்று ஆஸ்பத்திரிகள் வாங்கின. பிளாப்பியை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவேன். ஆறு மாதத்தில் பெரியகுளத்து ஆபரேட்டர் ஒரு பிளாப்பியைத் திருப்பி அனுப்பினார். சீட்டுகள் தெருவரிசைப்படி விழுகிற மாதிரி அவர் திருத்தியிருந்தார். உச்சியில் அவர் பெயர். அம்மாடியோவ்! முகமே பார்க்காத ஒரு ஆள் எனக்கு வேலையை மிச்சம் பண்ணி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு வாயைப் பிளந்தவள், அடுத்த பஸ்ஸிலேயே அவருக்கு ஒரு கட்டு மலைப்பூண்டு கொடுத்துவிட்டேன்.

3

தவமணி வந்தது போன ஐப்பசியில். வயது பத்தொன்பது. நம்ம பிள்ளை. அவளும் அக்கரையில் ஒரு லயத்தில் பிறந்தவள்தான். வில்பட்டிக்கு அந்தப் பக்கம், நம் ஆட்கள் குடிசை போட்டிருக்கிற இடத்தில் வீடு. அப்பா வாட்டில் மரம் வெட்டுகிறார், அம்மா பூண்டுக் காட்டில் களை எடுக்கிறார். இவள் மதுரையில் உதவிப்பணத்தில் பாலிடெக்னிக் படித்து முடித்துவிட்டாள். ஆறு மாதம் எங்கேயாவது பயிற்சி எடுத்து, திருப்தி என்று கையெழுத்து வாங்கினால்தான் டிப்ளமோ கையில் வரும். வந்தால் உத்தியோகம். வராவிட்டால் அப்பாவோடு கோடரியைத் தூக்க வேண்டியதுதான். இந்த மலையில் நம் கூட்டத்திலிருந்து இவ்வளவு தூரம் படித்த முதல் பிள்ளை அவள்.

முதல் இரண்டு வாரம் நான் அவளைக் கீபோர்டைத் தொடவே விடவில்லை. தொட்டிலின் வரிகளைக் காகிதத்தில் அடித்துக் கொடுத்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

"இது என்னாக்கா, பெரட்டுக்கு நிப்பாட்டி வச்ச மாதிரி?" என்று, தோட்டத்தில் விடியலில் பேர் கூப்பிட வரிசையில் நிறுத்துவதை நினைத்து, முனகுவாள்.

"ஆமா, பெரட்டுதான். வாசிக்கத் தெரியாதவ எழுதக் கூடாது. அடுத்த வரியச் சொல்லு."

மூன்றாம் வாரம் அவளை உட்கார வைத்தேன். பிறகு நான் எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டது. காலையில் வெள்ளனே வந்து, பால்காரர் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். நான் அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்கிற இடத்தை அவள் தேத்தண்ணி ஆறுவதற்குள் அவிழ்த்துவிடுவாள். பெருமை ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

மார்கழி தொடக்கத்தில் ஒருநாள் திடீரென்று கூப்பிட்டாள். "அக்கா, இங்க ஓடியாங்க! இந்த அநியாயத்தப் பாருங்க."

திரையில் மேல்மலைக் கிராமம் ஒன்றின் பிள்ளைகள் இருந்தார்கள். குழந்தைவேலு, தகப்பன் குழந்தைவேலு. அடுத்த வரியும் குழந்தைவேலு, தகப்பன் குழந்தைவேலு. பிறந்த தேதியும் ஒன்றேதான். அப்படியே பதினொரு தடவை.

"இங்கயும் கணக்குப்பிள்ள வேல நடந்திருக்குக்கா" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உங்களுக்குத் தெரியும், தோட்டத்துக் கூலிப் பேரேட்டில், செக்ரோலில், ஒரே ஆளின் பெயர் இரண்டு தடவை வந்தால் என்ன அர்த்தம் என்று. இல்லாத ஆளுக்குப் பேர் போட்டு, எவனோ சம்பளத்தையும் அரிசியையும் விழுங்குகிறான் என்று அர்த்தம். பொய்ப்பேர் என்று நம் அப்பாமார் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்களே, அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் தவமணியும் வளர்ந்தாள், நானும் வளர்ந்தேன். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் நம் கண்ணுக்கு அது திருட்டுத்தான். போதாததற்கு மருந்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. பத்து பொய்ப்பேருக்குப் பத்து ஊசி மேலே போய் வீணாகத் திரும்புகிறது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

தவமணி ஒரே நாளில் ஒரு துண்டு எழுதித் தொட்டிலில் சேர்த்தாள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி நான்கும் ஒன்றாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அது அழித்துவிடும். சுத்தமான வேலை. வரி வரியாக வாசித்துப் பார்த்தேன், ஒரு குறை சொல்ல முடியவில்லை. அவளை விட்டே உச்சியில் எழுதச் சொன்னேன்: தவமணி, பொய்ப்பேர் நீக்கம். அவள் தன் பெயரை மூன்று தரம் படித்துப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலமே மூன்று பஸ்ஸில் மூன்று பிளாப்பி இறங்கிப் போனது.

4

பொங்கல் கழிந்து சில வாரம் ஆகியிருக்கும். கேரட் லோடு ஏற்றிய லாரி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. மூட்டைக்கு மேலே படுக்க வைத்திருந்த பையனை டிரைவர் இறக்கிக் கொடுத்தார். கூடவே ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயதுகூட இருக்காது, பெயர் வெள்ளத்தாயி. பையனுக்கு உடம்பெல்லாம் தட்டம்மை. மூச்சு வாங்கியது. கண் இரண்டும் ஒட்டிக் கிடந்தன.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசி போட்டாச்சா?" என்றார்.

"போடலைங்க டாக்டரம்மா. சீட்டு வரலைங்க. வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பேர் என்ன?"

"குழந்தைவேலுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தவமணியைப் பார்த்தேன். அவள் மெஷினில் தேடிவிட்டு நிம்மதியாகச் சொன்னாள்: "ஊசி போட்டிருக்கும்மா. போன மாசமே நர்ஸம்மா போட்டதா இருக்கு."

"அது எதுத்த வீட்டுக் குழந்தைவேலுங்க" என்றாள் வெள்ளத்தாயி. "எங்க ஊர்ல மொத ஆம்பளப் புள்ளைக்குச் சாமி பேருதாங்க வைக்கிறது. அப்பனுக்கும் அதான், மகனுக்கும் அதான். வெள்ளத்தாயி மகன், மாரியாயி மகன்னு தாய் பேரச் சொல்லித்தான் கூப்புடுவோம்."

"பொறந்த தேதியும் ஒண்ணா இருக்கே?" என்று தவமணி கேட்டாள்.

"தேதி யாருக்குங்க தெரியும்? தைப்பூசத்துக்கு முன்னன்னு சொல்லுவோம். அவங்களா ஒண்ண எழுதிக்குவாக."

என் தலையில் இடி விழுந்தது. மெஷினை வெறித்துக்கொண்டே நின்றேன். பதினொரு வரி இருந்த இடத்தில் இப்போது ஒரு வரிதான் இருந்தது. பத்துப் பிள்ளைகள்! ஒரு ஊரில் மட்டும் பத்து. பக்கத்து ஊர்களிலும் இதே சாமி, இதே வழக்கம். வேலூரா, பழனியா, எங்கிருந்தோ புதிதாக வந்த நர்ஸ் ஒரு சீட்டைக் கொண்டுபோய் ஒரு பெயரைக் கூப்பிட்டிருக்கிறார், ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். மற்ற தாய்மார் தங்கள் முறை வரும் என்று வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு வெள்ளத்தாயியிடம் அவரே மெதுவாக, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்: ஒரே பெயராக இருந்ததால் ஒரே பிள்ளை என்று நாங்கள் அழித்துவிட்டோம், தப்பு எங்களுடையது.

அவளுக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் சத்தம் போடவில்லை. மகன் நெற்றியில் கை வைத்துக்கொண்டே கேட்டாள்: "பேரு ஒண்ணா இருந்தா புள்ளையும் ஒண்ணாயிருமாங்க?"

தவமணி வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

5

அன்றைக்கே இரண்டு காரியம் நடக்க வேண்டியிருந்தது. ஒன்று, மேலே மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு ஊசி. ஐஸ்பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவே ஜீப்பில் கிளம்பினார். மற்றது, கீழே போன மூன்று பிளாப்பி. பெரியகுளத்து ஆஸ்பத்திரியின் பொறுப்பில்தான் அடுக்கம் என்ற மலையூரும் அதைச் சுற்றிய குடிகளும். அங்கே எத்தனை குழந்தைவேலு அழிந்தானோ! டிரங்க் கால் போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்து, மெஷினை நிறுத்துங்கள், சீட்டு அடிக்காதீர்கள் என்று கத்திச் சொன்னேன். லைனில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

நான் போனை வைத்துவிட்டு வந்தபோது தவமணி, அழிக்கிற துண்டை எடுத்துவிட்டு, உச்சியில் எழுதிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'தவமணி' என்று போட்டு, கீழே இப்படி எழுதியிருந்தாள்: நான் சேர்த்த பொய்ப்பேர் நீக்கம் பொய். ஒரே பெயருள்ள உண்மையான பிள்ளைகளை அது அழித்தது. அதனால் ஒரு ஊரில் பத்துப் பிள்ளைகளுக்கு ஊசி இல்லாமல் போனது. ஒரு பிள்ளை சாகக் கிடக்கிறான். உங்களிடம் உள்ளதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை முதலில் பதிந்த காகிதக் கார்டுகளை எடுத்து ஒவ்வொரு பிள்ளையையும் திரும்ப எண்ணுங்கள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். "திருத்தியாச்சுன்னு மட்டும் எழுதி அனுப்பு. பேர எடு!"

"எதுக்குக்கா எடுக்கணும்?"

"எதுக்கா? இது மூணு ஆஸ்பத்திரிக்குப் போகுது புள்ள. நாளைக்கு யாருகிட்ட வேல கேட்டுப் போவ? அவங்ககிட்டத்தான் போவ. சிலோன்காரப் பொண்ணு புள்ளைங்களக் கொன்னுட்டான்னு மலை பூரா பேசுவாங்க. அந்தக் கையெழுத்து வேணாமா உனக்கு?"

தோட்டத்தில் ஒரு தப்பு நடந்தால் நாம் என்ன செய்தோம்? வாயை மூடிக்கொண்டோம். பெயர் மேலே போனால் வேலைநீக்கப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, சட்டி பானையோடு ரோட்டில் விட்டுவிடுவார்கள். பெயர் தெரியாமல் இருப்பதுதான் பிழைப்பு. நான் பிறந்ததிலிருந்து கற்ற பாடம் அது. இவளும் அதே லயத்தில் பிறந்தவள்தானே!

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நல்லது செஞ்சப்ப பேரு போடச் சொன்னது நீங்கதானேக்கா. அத மூணு தரம் படிச்சேன் நான். இப்ப மட்டும் எடுத்துப்புடலாமா? வெறுமனே திருத்தியாச்சுன்னு போட்டா, அந்த ஆளுங்க நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சிருவாங்க. புள்ள சாகக் கிடக்கான்னு எழுதினாத்தான் இன்னிக்கே பாப்பாங்க."

ஆத்திரமாக வந்தது, பயமாக வந்தது. இவளுக்கு எங்கிருந்து இந்தத் துணிச்சல் என்று திகைப்பாகவும் இருந்தது. அடித்துப் பிடுங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் கை போனது. பிறகு பிளாப்பியை நானே அட்டை வைத்துக் கட்டினேன். அவளே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

6

அடுத்த வாரம் பெரியகுளத்திலிருந்து பிளாப்பி திரும்பி வந்தது. கண்டக்டர் கையிலிருந்து வாங்கிய கையோடு மெஷினில் போட்டேன். திறந்தால், தவமணியின் வரிகளுக்குக் கீழே அந்த ஆபரேட்டர் எழுதியிருந்தார்: கார்டுகளை எடுத்து எண்ணினோம். எங்களிடமும் ஏழு பிள்ளைகள் அழிந்திருந்தார்கள், நேற்று அத்தனை பேருக்கும் ஊசி போட்டாயிற்று. அதோடு நிற்காமல் அந்த மனிதர் தன் தப்பு ஒன்றையும் சொல்லியிருந்தார். தெருவரிசைக்காக நான் முன்பு செய்த திருத்தத்தில், தெருவே இல்லாத தனி வீடுகளுக்குச் சீட்டு விழாது, இப்போதுதான் கண்டுபிடித்தேன், அது என் தப்பு என்று தன் பெயரையும் போட்டிருந்தார். இரண்டு வருடமாக எனக்கு அது தெரியாது. பழனியிலிருந்தும் ஒன்று வந்தது, அங்கேயும் ஒருவர் தன் பிசகு ஒன்றை எழுதியிருந்தார். இப்படியும் ஆட்கள் இருப்பார்களா?

தவமணி அதில் எதையும் பார்க்கவில்லை. டாக்டரம்மா சொல்லி அவள் மேல்மலைக்குப் போயிருந்தாள். வீடு வீடாக ஏறி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் பெயரை எழுதி வரும் வேலை. அழித்த பிள்ளைகளை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தாள். எழுதி வந்ததை என் மேசையில் வைத்தாள்.

"நீங்களே ஏத்திருங்கக்கா. நான் தொடல. எங் கை பட்டா புள்ளைங்க அழியுது."

எவ்வளவோ சொன்னேன். ஏசியும் பார்த்தேன். அவள் மெஷின் பக்கமே வரவில்லை. சீட்டுகளைக் கிழித்து அடுக்குவாள், பஞ்சு உருட்டுவாள். பயிற்சிக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. "முழுசா முடிச்சா நான் கையெழுத்துப் போடறேன். செஞ்சதுக்குப் பயந்து பாதியில எழுந்து போனா போட மாட்டேன்" என்று டாக்டரம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். தவமணியின் அப்பா வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "விட்ருங்கம்மா, நமக்கு இந்தச் சோலியெல்லாம் ஆகாது. வாட்டில் வெட்டினா மரந்தான் சாயும்" என்றார். ஞாயிற்றுக்கிழமையோடு அவள் நின்றுகொள்வதாகப் பேச்சு.

வெள்ளத்தாயியின் மகன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது.

7

அவனை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு வெள்ளத்தாயி நேராக எங்கள் அறைக்கு வந்தாள். இடுப்பில் பையன். காலெல்லாம் குச்சியாகி, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்திருந்தான்.

"அந்த மிசினுப் புள்ள யாருங்க?" என்றாள்.

மண்ணை வாரித் தூற்றத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். யார் குற்றம் சொல்ல முடியும்? "அந்தப் புள்ள வரலீங்க, நான்தான் இங்க..." என்று நான் இழுப்பதற்குள், மூலையில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்த தவமணி எழுந்து நின்றாள்.

"நான்தாங்க."

வெள்ளத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எம்மவன் பேரு திரும்ப ஏறிருச்சா? கண்ணால பாக்கணும். காட்டு தாயி."

நான் மெஷினில் அந்த ஊரைக் கொண்டுவந்தேன். பதினொரு வரியும் வரிசையாக நின்றன. வெள்ளத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், "இதுல எது எம்மவன்?" என்றாள்.

தவமணி தூரத்திலிருந்தே விரல் நீட்டினாள். "நாலாவதுங்க. குழந்தைவேலு. தாயார் வெள்ளத்தாயி."

"யாரு?"

"வெள்ளத்தாயி. உங்க பேருங்க. இப்ப தாய் பேரும் போடுறோம், மாறிப்போகக் கூடாதுன்னு."

அவள் நிமிர்ந்தாள். "எம்பேரா? எம்பேர எதுக்கும் யாரும் கேட்டதில்லையே. ரேசன்கார்டுலகூட அவரு சம்சாரம்னுதான் இருக்கும்பாக." கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் கையைப் பிடித்து அந்த இடத்தைத் தொட வைத்தாள். பிறகு தவமணி பக்கம் திரும்பினாள்.

"அப்ப, மூத்தது ரெண்டையும் போட்டுரு."

"உங்களுக்கு இன்னும் ரெண்டு புள்ளைங்களா?" என்றேன் நான். "ஊசி போட்டிருக்கா? கூட்டிட்டு வரலியே?"

"இல்லைங்க. மொதப் புள்ளைக்குச் சாமி பேரு வச்சோம், மூணாம் மாசம் போயிருச்சு. அடுத்ததுக்கும் அதே பேரத்தான் வச்சோம். நடை பழகுனான். அவனுக்கும் இதே அம்மை. இவன் மூணாவது. மூணு பேரும் குழந்தைவேலுதாங்க." குரலில் நடுக்கமே இல்லை. "அதுக ரெண்டும் பொறந்ததாவோ போனதாவோ எங்கயும் எழுதலை. எம்பேருக்குக் கீழ போட்டுரு ஆத்தா. வெரசாப் போடு, லாரி போயிரும்."

இது உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கான இடம், செத்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு பத்தியும் கிடையாது, எப்படியம்மா போடுவது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எத்தனை ஆபீஸ் ஜன்னலில் இதே பதிலை நான் வாங்கியிருக்கிறேன்!

தவமணி நடந்து வந்தாள். என் தோளைத் தொட்டு, எழுந்திருக்கச் சொன்னாள். எழுந்தேன். அவள் உட்கார்ந்து, சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டில் விரலை வைத்தாள். குழந்தைவேலு. தாயார் வெள்ளத்தாயி. மெஷின் இப்போது தானாக எதையும் அழிப்பதில்லை. தாய் பெயருக்கும் இடம் வைத்து, சந்தேகம் வந்தால் நின்று கேட்கும்படி, மேல்மலைக்குப் போகுமுன் அவளேதான் திருத்தியிருந்தாள். கேட்டது: இதே பெயரில், இதே தாய்க்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது. இது வேறு பிள்ளையா?

"என்ன கேக்குது?" என்றாள் வெள்ளத்தாயி.

"வேற புள்ளையான்னு கேக்குதுங்க."

"ஆமான்னு சொல்லு."

தவமணி சொன்னாள். அடுத்த பிள்ளைக்கும் அது கேட்டது. அதற்கும் ஆமாம் என்று சொன்னாள்.